கழிவு போக அரை வினாடி

தேயிலை விலை படுத்த படுக்கையாகக் கிடந்த வருடம் அது. தூள் விற்காமல் குடோன்களில் மூட்டை மூட்டையாக முடங்கிக் கிடக்க, வருகிற இலையை எல்லாம் வாங்க எந்த ஃபேக்டரியும் தயாராக இல்லை. சுகுணாவின் அம்மா தெய்வம்மா தன் தோட்டத்தில் கொழுந்து பறித்து இருபது நாள் ஆகியிருந்தது. தோட்டம் என்றதும் பெரிதாக நினைத்துவிட வேண்டாம். கீழ் கோத்தகிரிச் சரிவில் எழுபது சென்ட். இலங்கையில் கண்டிப் பக்கத்துத் தோட்டத்திலிருந்து கப்பலேறி வந்த குடும்பம், முப்பது வருடம் அடுத்தவர் எஸ்டேட்டில் முதுகு ஒடிந்து வாங்கிய எழுபது சென்ட். இன்னும் ஒரு வாரத்துக்குள் பறிக்காவிட்டால் கொழுந்து முற்றிவிடும். முற்றிய இலையை எந்த ஃபேக்டரியும் தொடாது. செடியைக் கவாத்து வெட்டிவிட்டு, மறுபடி துளிர்க்க நாலு மாதம் வாயைக் கட்டிக்கொண்டு உட்கார வேண்டியதுதான். புருஷன் வீரையா உயிரோடு இருந்தால் அவர் கூலியாவது வந்திருக்கும். அவரும் போய் நாலு வருடமாகிவிட்டது.

பறிக்க வேண்டுமானால் டோக்கன் வேண்டும். அவள் இலை கொடுத்துவந்த குன்னூர் ஃபேக்டரி ஒரு நாளைக்கு முந்நூறு பேரிடம் மட்டும்தான் இலை எடுத்தது. அதை நம்பி இருந்தவர்களோ நானூற்று எண்பது பேர். காலை ஆறு மணிக்கு வெப்சைட் திறக்கும். முந்துகிற முந்நூறு பேருக்கு அன்றைய டோக்கன். மற்றவர்களுக்கு, ‘இன்றைய அளவு முடிந்தது, நன்றி’ என்று ஒரு பக்கம் வரும். அந்த நன்றிக்கு மட்டும் ஒரு நாளும் குறைச்சல் வந்ததில்லை.

கூத்து என்னவென்றால், அந்த வெப்சைட்டைச் செய்த கம்பெனியில்தான் சுகுணா வேலை பார்த்தாள். கம்பெனி என்றால் ஃபேக்டரி ஆபீஸ் மாடியில் இரண்டு அறை, ராஜசேகர் என்கிற முதலாளி, சுகுணா, டீ போட ஒரு கெட்டில். அவளுடைய வேலை சோதனை. நானூறு பேர் ஒரே சமயத்தில் உள்ளே வந்தால் பக்கம் திறக்க எத்தனை வினாடி ஆகிறது என்று, நானூறு போலி ஆட்களைத் தானே உண்டாக்கி அனுப்பி அளந்து சொல்கிற ஒரு டூல் அவள் கையில் இருந்தது. வாரம் ஒரு முறை அதை ஓட்டி, வருகிற எண்ணைத் தாளில் அடித்துக் கொடுப்பாள். இலை நிறுக்கிற ஷெட்டின் பலகையில் அது ஒட்டப்படும். ‘சராசரி பதில் நேரம்: அரை வினாடி. அனைவருக்கும் சமம்.’ யாராவது டோக்கன் கிடைக்கவில்லை என்று வந்து நின்றால், ஃபேக்டரி மானேஜர் லோயிஸ் பேசக்கூட மாட்டார். பேனாவால் அந்தத் தாளைக் காட்டுவார்.

அம்மாவிடம் சுகுணாவும் அதே தாளைத்தான் காட்டினாள், போனில்.

“வட்டம் சுத்திக்கிட்டே கெடக்குது புள்ள. நான் வெள்ளனவே எந்திரிச்சு, ஆறு அடிக்க முன்னுக்கே போனக் கையில வச்சிக்கிட்டுத்தான் இருக்கேன். என்னமோ சொணங்குது.”

“அம்மா, அரை வினாடிம்மா. டூல் சொல்லுது. நீ கண்ணாடியத் தேடி, பட்டனத் தேடி அமுக்கறதுக்குள்ள அடுத்தவங்க எடுத்துடறாங்க. உன் கைதான் மெதுவு.”

“ஒரு நாளைக்கு நாப்பது கிலோ கொழுந்து எடுத்த கையி புள்ள இது” என்றாள் தெய்வம்மா. பிறகு போனை வைத்துவிட்டாள்.

சுகுணாவுக்கு அப்போது கோபம்தான் வந்தது. படித்த பிள்ளைகளுக்குத் தாயின் வார்த்தையைவிடத் திரையில் வருகிற எண் மேல் நம்பிக்கை அதிகம். அதற்கு அவளைத் திட்டி என்ன பயன், அந்த எண்ணால்தானே அவளுக்குச் சம்பளம் வந்தது.

அந்த ஞாயிறு ஊருக்குப் போனவள், திங்கட்கிழமை அரை நாள் லீவ் சொல்லிவிட்டுத் தங்கினாள். ‘எப்படி எடுப்பதென்று காட்டித் தருகிறேன்’ என்பது நினைப்பு. ஆறு அடித்ததும் அம்மாவின் போனில் தானே பக்கத்தைத் திறந்தாள். வட்டம் சுற்றியது. மேலே மஞ்சளாக ஒரு கீற்று வந்தது. அது மாலை. பிறகு மாலைக்குள் ஒரு தலைப்பாகை. கொஞ்சம் பொறுத்து நெற்றியில் விபூதி. அப்புறம் கண்ணாடி, மீசை. ஃபேக்டரியை ஆரம்பித்த பெரியவர், சொர்க்கத்திலிருந்து படி படியாக இறங்கி வருகிறவர் மாதிரி, அங்குலம் அங்குலமாக வந்து சேர்ந்தார். அவர் கழுத்துவரை முழுதாக வந்த பிறகுதான் அடியில் ‘பதிவு’ என்கிற பட்டன் முளைத்தது. சுகுணா வாய்க்குள் எண்ணிக்கொண்டே இருந்தாள். பதினாலு. பட்டனை அமுக்கினாள். கண்ணை மூடித் திறப்பதற்குள் அடுத்த பக்கம் வந்தது. ‘இன்றைய அளவு முடிந்தது, நன்றி.’

தெய்வம்மா எட்டிப் பார்த்தாள். ‘நான் சொன்னேனே’ என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை. அடுப்படிக்குப் போய்விட்டாள். சொல்லியிருந்தால் சுகுணாவுக்குத் தேவலையாக இருந்திருக்கும்.

மதியம் ஆபீஸுக்குப் போனதும் அவள் டூலைப் பிரித்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தாள். அம்மா போனில் பதினாலு, டூலில் அரை. இரண்டில் ஒன்று பொய். தேடத் தேட, பொய் ஒன்றல்ல, ஒரு குடும்பமே உள்ளே குடியிருந்தது. டூல் ஓடியது வெப்சைட் இருக்கும் அதே கம்ப்யூட்டரில். போலி ஆட்கள் நானூறு பேரும் மலையேறி டவர் தேடி வரவில்லை, அடுத்த அறையிலிருந்து எழுந்து வந்தார்கள். அவர்கள் பக்கத்தின் எழுத்தை மட்டும் எடுத்துக்கொண்டார்கள், பெரியவரின் படத்தை எடுக்கவே இல்லை. பெரியவரோ மற்ற எல்லாவற்றையும் சேர்த்தால் வருகிற கனத்தைவிட இருபது மடங்கு கனம். அவரை ஒவ்வொரு தடவையும் புதிதாகத்தான் இறக்கியாக வேண்டும் என்றும் ராஜசேகர் வைத்திருந்தார். இன்னொன்றும் இருந்தது. ‘முடிந்தது, நன்றி’ என்று விரட்டுகிற பக்கம் நொடியில் வரும் அல்லவா, அதையும் டூல் நல்ல பதில் என்றே எண்ணிக்கொண்டிருந்தது. எத்தனைக்கு எத்தனை பேரை விரட்டுகிறார்களோ அத்தனைக்கு அத்தனை சராசரி அழகாகத் தெரியும்.

இதெல்லாம் போகட்டும். கடைசியில் அவள் கண்ணில் பட்டது ஒரே ஒரு வரி. வருகிற ஒவ்வொரு நேரத்திலிருந்தும் ஒன்றரை வினாடியைக் கழி. அதை எழுதியது அவளேதான்.

வேலைக்குச் சேர்ந்த முதல் மாதம் அது. ராஜசேகர் முன்பு அதே ஃபேக்டரியில் இலை நிறுக்கிற குமாஸ்தாவாக இருந்தவர். டூல் இரண்டு வினாடி என்று காட்டியதும் முகம் சுளித்தார். “ஏம்மா, மழை எலைக்குக் கழிவு போடறதில்லையா? சாக்கு எடைக்குப் போடறதில்லையா? அது மாதிரிதான். ஒயர்ல போயிட்டு வர்ற நேரத்துக்கு ஒண்ணரை கழிச்சிரு” என்றார். வேறு ஊர்ப் பெண்ணாக இருந்தால், நேரத்துக்கு ஏதய்யா சாக்கு எடை என்று கேட்டிருப்பாள். சுகுணா கேட்கவில்லை. தராசில் எத்தனை வந்தாலும் அதில் கொஞ்சம் கழித்துத்தான் எழுதுவார்கள் என்பதை நடக்கப் பழகும் வயதிலேயே, அம்மாவின் சேலையைப் பிடித்துக்கொண்டு ஷெட்டில் நின்று பார்த்தவள். கழிவு என்றால் கழிவு. அதில் கேள்வி ஏது என்று கழித்துவிட்டாள். இப்போது அந்த வரியைப் பார்க்க அவளுக்கு உடம்பெல்லாம் கூசியது.

ஃபேக்டரியின் பதிவையும் எடுத்துப் பார்த்தாள். தினமும் முந்நூறாவது டோக்கன் ஒன்பதாவது வினாடியில் தீர்ந்திருந்தது. பதினாலாவது வினாடியில் பட்டனைக் காண்கிறவளுக்கு இந்த ஜென்மத்தில் டோக்கன் கிடையாது. கை எத்தனை வேகமாக இருந்தால் என்ன.

ராஜசேகரிடம் எல்லாவற்றையும் சொன்னாள். சண்டைக்கு வருவார் என்று பயந்துதான் போனாள். அவர் கேட்டுக்கொண்டே டீயை உறிஞ்சினார்.

“அப்ப ஊர் ஊராப் போயி அளந்தாத்தான் சரியா வருங்கறே?”

“ஆமாங்க சார். கழிவு இல்லாம, படத்தோட, அந்தந்த ஊர் டவர்லயே அளக்கணுங்க.”

“அள. நல்லா அள. எந்த ஊருக்கு எத்தனை, யார் யார் பேரு, எல்லாம் வெவரமா வேணும். கையெழுத்தும் வாங்கிக்க.”

இத்தனை சுலபமாக ஒத்துக்கொண்டாரே என்று சுகுணாவுக்கு அவர் மேல் மரியாதையே வந்துவிட்டது. இரண்டு வருடம் கூட வேலை பார்த்தும் ஆளைத் தெரியவில்லை, பாவம்.

குன்னூரில் அளந்தாள், மூன்று வினாடி. சோலூரில் ஐந்து. பிறகு கீழ் கோத்தகிரிக்கு லேப்டாப்போடு வந்து, மூன்று நாள் தங்கினாள். அங்கே அவளுக்குக் கிடைத்த வரவேற்பைச் சொல்லி முடியாது. “நம்ம தெய்வம்மா மக வந்திருக்குது, எல்லாத்தயும் அளந்து எழுதப் போகுது” என்று மூக்கன் வீடு வீடாகச் சொல்லிவிட்டு வந்தார். மூக்கனுக்கு ஒரு ஏக்கர், அதுவும் பறிக்காமல் கிடந்தது. மூன்று காலையும் ஆறு மணிக்கு முன்னால், ஊரில் டோக்கனை நம்பி இருந்த அறுபத்து மூன்று பேரும் மாரியம்மன் கோவில் வாசலில் குளிரில் வந்து நின்றார்கள். ஒவ்வொருவர் போனாக வாங்கி டூலோடு இணைத்து அளந்தாள். அளக்கிற போனில் டோக்கன் போட முடியாது. கிடைக்காத டோக்கன்தானே, எடுத்துக்கோ என்று கொடுத்தார்கள். பெயர், போன் எண், தோட்டத்தின் அளவு, கையெழுத்து. கையெழுத்துத் தெரியாதவர்கள் ரேகை வைத்தார்கள். தெய்வம்மா முப்பத்தோராவது ஆளாகக் கையெழுத்துப் போட்டாள். மகளுடைய காகிதத்தில் போடுவதால் எழுத்து கோணாமல் இருக்க வேண்டுமென்று நிதானமாகப் போட்டாள்.

சராசரி பதினாலு வினாடி. யாருக்கும் பதினொன்றுக்குக் கீழே வரவில்லை.

அடுத்த வாரம் புதன்கிழமை லோயிஸ் அறையில் கூடினார்கள். லோயிஸ் அந்த ரிப்போர்ட்டை ஒரு வரி விடாமல் படித்தார். சுகுணா கடைசிப் பக்கத்தில் மருந்தும் எழுதியிருந்தாள். பெரியவர் படத்தின் கனத்தைக் குறைத்தால் போதும், கீழ் கோத்தகிரிக்கும் நாலு வினாடியில் பக்கம் திறக்கும். பத்து நிமிட வேலை.

“பெரியவரச் சின்னதாக்கச் சொல்றியாம்மா?” என்றார் லோயிஸ்.

“பாக்கறதுக்கு அப்படியேதான் இருக்குங்க சார். கனம் மட்டுந்தான் குறையும். கண்ணுக்கு வித்தியாசமே தெரியாதுங்க.”

“ஃபேக்டரி முதலாளி தெனமும் காலைல அந்தப் படத்தத் தொட்டுக் கும்பிட்டுட்டுத்தான் போனக் கீழ வைக்கறாரு. அதுல கை வச்சாங்கன்னு தெரிஞ்சா என் வேல போயிரும்.” அவர் ராஜசேகரைப் பார்த்தார். “ஏனுங்க, நீங்க என்ன சொல்றீங்க?”

ராஜசேகருக்குத் தெரியும், அது பத்து நிமிட வேலை என்று. கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

“படத்துல கை வைக்க வேண்டாமுங்க” என்றார்.

லோயிஸ் சிரித்தார். நல்ல மனிதனின் சிரிப்புதான் அது. பேனாவை எடுத்துக் கீழ் கோத்தகிரிப் பட்டியலைச் சுற்றி ஒரு கோடு போட்டார்.

“ரொம்ப தெளிவா எழுதியிருக்கேம்மா. நானும் ஆறு மாசமா அறுபது பேரக் குறைக்கணும்னு தவியாத் தவிக்கறேன். முந்நூறுக்கு மேல எடுக்க குடோன்ல எடமில்ல. எந்தக் கணக்குல குறைச்சேன்னு சங்கத்துக்காரன் வந்து கேட்டா, சொல்ல ஒரு வழியில்லாம இருந்துச்சு. இப்பப் பாரு, பத்து வினாடிக்கு மேல போற லைன் பதிவுக்கு லாயக்கில்லன்னு சொல்லிறலாம். பேரோட, கையெழுத்தோட அவங்களே எழுதிக் குடுத்திருக்காங்க.”

சுகுணாவுக்கு முதலில் புரியவில்லை. புரிந்ததும் நாற்காலியிலிருந்து எழுந்துவிட்டாள்.

“சார், அவங்க டோக்கன் கேக்கத்தானுங்க கையெழுத்துப் போட்டாங்க.”

“லைன் சரியாகட்டும், அப்புறம் பாக்கலாம்” என்றார் லோயிஸ். ஃபைலை மூடினார். கூட்டம் முடிந்தது.

படிக்கட்டில் அவள் ராஜசேகரை மறித்தாள். எங்கள் அம்மாவும் அந்தப் பட்டியலில் இருக்கிறாள் என்றாள்.

“தெரியும். முப்பத்தொண்ணு” என்றார் அவர். குரலில் பகை இல்லை, பச்சாதாபமும் இல்லை. “படத்தச் சின்னது பண்ணுனா உங்கூர்க்காரங்களுக்கு டோக்கன் கெடைக்கும். அப்பக் குன்னூர்ல அறுபத்திமூணு பேருக்குக் கெடைக்காது. அவங்க பத்தே நிமிசத்துல ஃபேக்டரி வாசல்ல வந்து நிப்பாங்க. கீழ் கோத்தகிரில இருந்து ரெண்டு பஸ் மாறி யாரு வருவா? நீ அளந்ததுல ஒரு தப்பும் இல்லம்மா. மனசப் போட்டுக் கொழப்பிக்காத. திங்கக்கெழம கூடலூர் அளக்கணும். அங்க நூறு பேர் இருக்காங்க.” இரண்டு படி இறங்கியவர் நின்று, “இந்த மாசத்துல இருந்து உனக்குச் சம்பளம் கூட்டச் சொல்லிட்டேன்” என்றார்.

வெள்ளிக்கிழமை ஷெட் பலகையில் புதுத் தாள் ஒட்டினார்கள். ‘சராசரி பதில் நேரம்: மூன்றரை வினாடி. கழிவு எதுவும் செய்யப்படவில்லை. அளவீடு: வீ. சுகுணா.’ இரண்டு வருடத்தில் அந்தப் பலகையில் ஒட்டப்பட்ட முதல் உண்மை அதுதான். அதற்குக் கீழே இன்னொரு தாளில், அந்தச் சராசரியில் சேராமல் பதிவிலிருந்து நீக்கப்பட்ட அறுபத்து மூன்று பேரின் பெயர்கள் இருந்தன.

அன்று சாயங்காலம் சுகுணா ஊருக்குப் போனாள். பஸ் நிறுத்தத்தில் மூக்கன் நின்றிருந்தார். எப்போதும் பையை வாங்கிக்கொள்கிறவர். அவளைப் பார்த்ததும் எட்ட நகர்ந்து நின்று, பக்கத்தில் இருந்தவரிடம் சத்தமாகச் சொன்னார்.

“பாத்துப் பேசுப்பா. கிட்ட வந்தா நம்மளயும் அளந்துரும்.”

பக்கத்து ஆள் சிரித்தான். அவள் காதில் விழ வேண்டுமென்றே சிரித்தான். சுகுணா தலையைக் குனிந்துகொண்டு நடந்தாள். படத்தைப் பற்றிச் சொல்லலாம், பத்து நிமிட வேலை என்று சொல்லலாம், ஒன்றரை வினாடிக் கழிவைப் பற்றிச் சொல்லலாம். எதைச் சொன்னாலும் அந்தத் தாளில் அவள் பெயர் இருந்தது.

வீட்டில் தெய்வம்மா தட்டைப் போட்டாள். ரொட்டியும் தேங்காய்ச் சம்பலும் எடுத்து வைத்தாள். சுகுணா ரொட்டியைப் பிய்த்துப் பிய்த்துத் தட்டிலேயே போட்டாள்.

“அம்மா, நான் வேணுன்னு பண்ணலம்மா.”

“தின்னு” என்றாள் தெய்வம்மா.

காலையில் சுகுணா எழுந்தபோது அம்மா போனைக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். கண்ணாடி போட்டிருந்தாள். கடிகாரம் ஆறு காட்டியது. வேண்டாம்மா என்று சொல்ல வாயெடுப்பதற்குள் அவள் பக்கத்தைத் திறந்துவிட்டாள்.

வட்டம் சுற்றவே இல்லை. அமுக்கிய விரலை எடுப்பதற்குள் பக்கம் வந்துவிட்டது. வெள்ளையாக ஒரே ஒரு வரி. ‘உங்கள் பகுதிக்குப் பதிவு இல்லை, நன்றி.’ விரட்டுகிற பக்கத்தில் பெரியவரின் படம் போடுவதில்லை.

தெய்வம்மா அதை எழுத்துக்கூட்டிப் படித்தாள். பிறகு இன்னொரு முறை திறந்து பார்த்தாள். அதே வேகம்.

“இப்ப எம்புட்டு வெரசா வருது பாரு” என்றாள். அதில் குத்தல் எதுவும் இல்லை. அதுதான் சுகுணாவைக் கொன்றது. அம்மா போனை அணைத்து, கண்ணாடியைக் கழற்றி அதன் மேல் வைத்தாள். “எல்லாருங்கூடி ஒன்னையப் பேசுறாங்க. பேசட்டும். எங்கையி மெதுவு இல்லன்னு எழுதிட்ட தானே புள்ள. அது போதும்.”

சுகுணா முகத்தை மூடிக்கொண்டு அழுதாள். தெய்வம்மா அவள் அழுது முடிக்கும்வரை நிற்கவில்லை. பரணிலிருந்து கவாத்துக் கத்தியை எடுத்து, கல்லில் தண்ணீர் தெளித்துத் தீட்ட ஆரம்பித்தாள்.

“திங்கக்கெழம வேலைக்குப் போற தானே?”

சுகுணா கண்ணைத் துடைத்துக்கொண்டாள். கூடலூர் நூறு பேர் என்று அம்மாவிடம் அவள் இன்னும் சொல்லியிருக்கவில்லை.

“போகோணும்” என்றாள் தெய்வம்மா, கத்தியின் முனையைக் கட்டைவிரலால் தடவிப் பார்த்தபடி. “இனி நாலு மாசத்துக்கு ஒஞ்சம்பளந்தான்.”

வெளியே பனி இன்னும் விலகவில்லை. சரிவில் முதல் செடியை வெட்டுகிற சத்தம் கேட்டது, பிறகு அடுத்த செடி. நாற்பது கிலோ எடுத்த கை. பத்தரை மணிக்கெல்லாம் பாதித் தோட்டத்தை முடித்துவிட்டது.